காலராவைக் காலரா என்றே சொல்லுங்கள்!

"கழிச்சல்ல போவான்!"

சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் குழாயடியில் சண்டை மூண்டால் இந்தச் சாபம் இன்றும் காதில் விழும். திட்டுகிறவர்களில் பாதிப்பேருக்கு அதன் அர்த்தம் தெரியாது. தாத்தா காலத்து ஆட்களுக்குத் தெரியும். காலையில் வயலுக்குப் போனவன் ராத்திரிக்குள் பாடையில் போன காலம் அது. திருவிழாவுக்குப் போனால், சாமி கும்பிடுவதற்கு முன்னால் காலரா ஊசி!

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று யாராவது நினைத்தால், அது தப்பு.

காரைக்காலில் நடந்தது என்ன?

2022-ம் ஆண்டு காரைக்காலில் ஜனங்கள் வாந்தி, பேதி என்று சாரிசாரியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பரிசோதனையில் சிலருக்குக் காலரா என்று தெரிந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. ஜூலை 3-ந்தேதி புதுவை சுகாதாரத்துறை, மூடி மறைக்காமல் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு லீவு விட்டார்கள். பக்கத்துத் தமிழக மாவட்டங்களும் உஷாராயின.

இந்தத் துணிச்சல் எல்லா இடத்திலும் இருக்கிறதா? இல்லை. உலகத்தில் பல நாடுகள் காலராவைக் காலரா என்று சொல்லக் கூசி, "கடுமையான வயிற்றுப்போக்கு" என்று கணக்கு எழுதுகின்றன. பெயர் கெட்டுவிடுமாம், வியாபாரம் படுத்துவிடுமாம். சண்டையில் வாய் கூசாமல் சொல்லும் வார்த்தை, நிஜமாகவே நோய் வரும்போது நாக்கில் வராமல் போகிறது!

மறைத்தால் யாருக்குக் கேடு? மாடி வீட்டுக்காரருக்கு இல்லை. அவர் கேன் தண்ணீர் வாங்குவார், காரில் தென்காசிக்கோ மதுரைக்கோ பறப்பார். மாட்டிக்கொள்கிறவர்கள் குழாயின் கடைக்கோடியில் இருக்கிறவர்கள்தான். தோட்டக் கூலிகள், செங்கல் சூளைத் தொழிலாளிகள், மலையடிவாரத்துப் பளியர் குடும்பங்கள். "ஒரு நாள் வேலைக்குப் போகலைன்னா அடுப்பு எரியாது" என்று பேதியோடு வேலைக்குப் போகிறவர்கள். காலரா முற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்கூட உடம்பை விட்டுப் போகும். விடியட்டும் என்று காத்திருக்க அது விடாது.

டிரம்மில் வந்த உயிர்

இத்தனைக்கும் வைத்தியம் சுலபம். அதைக் காட்டியது ஓர் அகதி முகாம். 1971-ல் வங்கதேசப் போரில் தப்பி வந்த லட்சக்கணக்கான ஜனங்களிடையே மேற்கு வங்காள எல்லையில் காலரா புகுந்தது. பன்கான் ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் குளுகோஸ் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுகோஸ் மூன்றையும் தண்ணீரில் கலக்கி டிரம் டிரம்மாக வைத்தார். நர்சுக்குக் காத்திருக்கவில்லை. நோயாளியின் ஆத்தா, அண்ணன், தங்கச்சி ஆளாளுக்கு மொண்டு கொடுத்தார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

வெறும் உப்புத் தண்ணீரைப் பேதி கண்ட குடல் ஏற்காது. சர்க்கரை கூடச் சேர்ந்தால் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். டாக்டர் 2022 அக்டோபரில் கண்ணை மூடினார். பத்ம விபூஷண் விருது அடுத்த வருஷம்தான் வந்தது. (நம் நாட்டில் விருதுகள் மாட்டுவண்டியில் வருவது வழக்கம்.)

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை. அரைத் தேக்கரண்டி உப்பு. பாக்கெட் கிடைக்காத வீட்டில் இது போதும். ஒவ்வொரு தடவை வெளியே போனதும் குடிக்கக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். "தண்ணி கொடுத்தா பேதி கூடும்" என்று பாட்டிமார் தடுப்பார்கள். கேட்கக்கூடாது.

கடைசிக் குழாய்

சிவகிரியில் இப்போது காலரா என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நிலை வராமல் இருக்கத்தான் இந்தக் கேள்வி. டேங்கில் குளோரின் கொட்டியதாக நோட்டில் எழுதினால் போதுமா? வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். ஆகாவிட்டால் குளோரின் இல்லை. பள்ளிக்கூடப் பையனும் பார்த்துச் சொல்லலாம்.

அந்தச் சோதனையை டேங்க் அடியில் செய்து பயனில்லை. சாக்கடையை ஒட்டி ஓடும் குழாயில், கடைசித் தெருவின் கடைசி வீட்டில் செய்ய வேண்டும். மழைக்காலத்தில் தினமும் செய்ய வேண்டும். பேதி என்று ஒரே தெருவில் நாலு பேர் வந்தால், மாதிரி எடுத்து அனுப்பி, முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும்.

அன்றாடம் குளோரின் எவ்வளவு என்று பேரூராட்சி வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதிப் போட என்ன செலவாகும்? ஒரு சாக்பீஸ்!