'ஐ7' சரி, எத்தனையாவது தலைமுறை?

நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் உயர்தரம் முடிச்சு கம்பஸுக்கோ டிப்ளோமாவுக்கோ போகும்போது பெரும்பாலும் வீட்டுக்கு வருவது செகண்ட் ஹேண்ட் லெப்டொப்தான். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 'ஐ7' என்று இருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டில் எல்லாருக்கும் திருப்தி. எத்தனையாவது தலைமுறை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆகணும் என்பது எங்கள் கட்சி.

தேயிலை மலைக்காரங்களுக்கு இது புரியாத விஷயமில்லை. பி.ஓ.பி. என்பது தூளின் அளவைச் சொல்லும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்றடிக்கிற பருவத்துக் கொழுந்தா, மழைக்காலத்துக் கொழுந்தா என்று சொல்லாது. விலையைத் தூக்குவதோ அந்தப் பருவம்தான். ஐ3, ஐ5, ஐ7 என்பதும் அப்படித்தான். ஒரே தலைமுறைக்குள்ள எது மேலே, எது கீழே என்று மட்டும் சொல்லும். 2015இல் வந்த ஐ7-6500யூவில் இரண்டு கோர். 2017இல் வந்த ஐ5-8250யூவில் நான்கு!

கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டிக்கரை நம்பாதீங்க, அதை யாரும் மாற்றி ஒட்டலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மெனேஜரில் பெர்ஃபோமன்ஸ், பிறகு சிபியூ. மேலே முழுப்பெயர் வரும். இன்டெல் ஐ வரிசையில் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்க. நான்கு இலக்கம், 2 முதல் 9 வரை ஒன்றில் தொடங்கினால் அந்த முதல் இலக்கமே தலைமுறை: 8250 எட்டாவது. 1இல் தொடங்கினால் முதல் இரண்டையும் எடுங்க: 1135 பதினோராவது. மூன்றே இலக்கம் என்றால் முதல் தலைமுறை, 2010ஆம் ஆண்டுக் காலத்துச் சரக்கு. ஏஎம்டி ரைசனுக்கு இந்தக் கணக்கு சரிவராது. முழு எண்ணையும் இணையத்தில் தேடணும்.

எட்டு என்பது ஒரு எல்லைக்கோடு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆறாவதை வாங்கவே கூடாது என்று நாங்க சொல்லல. லினக்ஸ் போட்டால் நோட்ஸ் அடிக்க, சூம் பார்க்க தாராளமாகப் போதும். ஆனால் விலையும் வயசுக்கு ஏற்ற மாதிரி இருக்கணும்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் 67,500 ரூபாய் லெப்டொப் என்றால், அம்மா ஐம்பது நாள் முழுப்பேர் போட்டாகணும், அதுவும் சாப்பாட்டுக்கு ஒரு சதம் எடுக்காமல். இறாத்தல் கணக்கில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுகிற ஊரில், லெப்டொப் விற்கிறவரிடம் மட்டும் ஏன் கணக்கு கேட்கக்கூடாது?

கடைக்காரர்களிடம் நாங்க கேட்பது ஒன்றுதான்: விலைச்சீட்டிலும் பில்லிலும் சிப்பின் முழு எண்ணையும் எழுதுங்க. 'ஐ7' பொய்யில்லை, ஆனால் பாதி உண்மை. அதுவரை, விஷயம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் யாராவது லயத்துப் பிள்ளைகளோடு கடைவரை ஒரு நடை போயிட்டு வாங்க. அந்த எண்ணைப் படிக்க ஒரு நிமிஷம் போதும்.