இல்லமும் கணினியும்: டி டிரைவில் இருந்த அடுத்தவர் கண்ணீர்



சில மாதங்களுக்கு முன் திருப்பதியில், ரேணிகுண்டா சாலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தாரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். வேலையின் நிமித்தம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து அவர்கள் அங்கே தங்கி இருபது வருஷங்களுக்கு மேலாகிறது. பிள்ளைகள் தெலுங்கில் படித்து வளர்ந்தவர்கள். தாயாருக்கோ எழுத்தும் பேச்சும் தமிழே. முன்னறையில் ஒரேயொரு கம்ப்யூட்டர். தகப்பனாரின் வங்கித் தாள்கள், மகனுடைய கல்லூரிப் புராஜெக்ட், மகளுடைய பாட்டுகள், மூத்த மகளின் திருமணப் படங்கள் யாவும் அதிலேதான் இருந்தன. பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல் எதுவும் கேளாமல் நேரே திரை திறந்துவிடும்.

அந்தத் தாயார் சபையின் சகோதரிகள் பலர் தங்கள் பாரங்களை இறக்கிவைக்கும் இடமாக அநேக வருஷங்களாக இருந்து வருகிறவர். ஒருவருக்குக் கணவரின் குடி, ஒருவருக்குக் கந்துவட்டி, இன்னொருவருக்கு வெளியே சொல்ல முடியாத வியாதி. ஜெபத்தில் ஒருவரும் விட்டுப்போகக் கூடாதே என்று எல்லாவற்றையும் பெயரோடும் தேதியோடும் தமிழில் தட்டச்சு செய்து, டி டிரைவில் ‘ஜெபக் குறிப்புகள்’ என்ற கோப்புறையில் வைத்திருந்தார். ஒருநாள் மகனோடு படிக்கும் பையன் பென் டிரைவில் பாடக்குறிப்புகளை எடுத்துப்போக வந்தான். மகன் தேநீர் வாங்கிவர வெளியே சென்ற நேரத்தில் அந்தக் கோப்புறை அவன் கண்ணில் பட்டது. அவனும் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, வாசிக்கத் தெரியும். அதில் இருந்த பெயர்களில் ஒன்று அவனுடைய சித்தியின் பெயர்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் செய்தி உறவினரிடையே பரவிவிட்டது. அந்தச் சகோதரி ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். தேடிச் சென்ற தாயாரிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “அக்கா, உங்களிடம் சொன்னது சுவரில் எழுதியது போலாயிற்றே.”

தாயார் என்னிடம் கலங்கிய கண்களோடு, “பிரதர், என் சொந்த ரகசியம் என்று அதில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் பூட்டி வைக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை” என்றார். அந்த வார்த்தை என்னை விட்டு அகலவில்லை. நம்மில் அநேகர் இப்படியே நினைக்கிறோம். ‘ஒளிவுமறைவு இல்லாத வீட்டில் பூட்டு எதற்கு? மகன் தகப்பனுக்கு எதை மறைக்க வேண்டும்?’ என்று கேட்கிற பெரியவர்களும் உண்டு. அவர்களுடைய பயம் நியாயமானதே. ஆனால் கேள்விதான் இடம் மாறி நிற்கிறது. வீட்டுக் கணினியில் இருப்பவற்றில் எவ்வளவோ நம்முடையவை அல்ல. நம்பி நம்மிடத்தில் ஒப்படைக்கப்பட்டவை. மூப்பர் ஒருவரின் கணினியில் ஆலோசனைக் கடிதங்கள் இருக்கும். ஆசிரியை ஒருவரின் கணினியில் மாணவரின் மதிப்பெண்கள் இருக்கும். சீட்டு நடத்துகிறவரின் கணினியில் பத்துக் குடும்பங்களின் கணக்கு இருக்கும். அறைக்குள் சென்று கதவை அடைத்து ஜெபிக்கும் வழக்கமுள்ள நமக்கு இது புரியாத காரியமல்ல.

ஒரே இயந்திரத்தைப் பலர் பயன்படுத்துவதால் எழுந்த இந்தத் தொல்லை புதிதுமல்ல. 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவருடைய குழுவினரும் ஒரு கணினியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்துகொள்ளும் முறையை இயக்கிக் காட்டினார்கள். ஒருவர் கோப்பு மற்றவருக்குத் தெரியாதிருக்கும்படி அதிலே கடவுச்சொல் வைத்தார்கள். மறுவருஷமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்குக் கணினி நேரம் கூடுதலாக வேண்டும் என்பதற்காக, எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். பின்னாளில் அதை அவரே ஒப்புக்கொண்டார். பூட்டு வந்த மறுவருஷமே கள்ளச்சாவியும் வந்துவிட்டது!

நம் வீட்டுக்கு வருவோம். இன்று பெரும்பாலான இல்லங்களில் இருப்பது விண்டோஸ். (விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறைவடைந்தது, இருப்பினும் இங்கே சொல்லும் முறை அதற்கும் விண்டோஸ் 11-க்கும் பொருந்தும்.) அதில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு ஏற்படுத்தலாம். செட்டிங்ஸ் பகுதியில் அக்கவுண்ட்ஸ் என்பதற்குள் இதற்கு வழி உண்டு. பணம் வேண்டியதில்லை, பத்து நிமிஷம் போதும். கணக்குகளில் இரண்டு வகை: எல்லா அதிகாரமும் உள்ள அட்மினிஸ்டிரேட்டர், அவ்வதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்ட். ஸ்டாண்டர்ட் கணக்கில் நுழைந்தவர் மற்றவருடைய டெஸ்க்டாப்பையோ டாக்குமெண்ட்ஸ் கோப்புறையையோ திறக்க முடியாது. அட்மினிஸ்டிரேட்டர் கணக்கில் இருப்பவரோ, ‘அனுமதி இல்லை’ என்ற அறிவிப்பு வந்தாலும், அதன் கீழுள்ள கன்டினியூ பொத்தானை ஒருமுறை அழுத்தி உள்ளே போய்விடலாம். ஆகவே ஐந்து பேருக்கும் கணக்கு வைத்து, ஐந்தையும் அட்மினிஸ்டிரேட்டராக விட்டால் செய்த வேலை வீண். அந்த அதிகாரம் ஒரே கணக்கில் இருக்கட்டும். தகப்பனாரும் அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்ட் கணக்கிலேயே அமரட்டும்.

இப்போது டி டிரைவுக்கு வருகிறேன். நம் ஊர்க் கடைகளில் பாகம் பாகமாகச் சேர்த்துத் தரும் கணினிகளில் சி, டி, இ என்று வட்டைப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். ‘விண்டோஸ் கெட்டுப்போனாலும் டி-யில் இருப்பது பிழைக்கும்’ என்று கடைக்காரர் சொல்லுவார், அது மெய்தான். ஆனால் கணக்குகளின் காவல் சி டிரைவில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட கோப்புறைகளுக்கே தானாக அமைகிறது. டி டிரைவில் இருப்பதை வழக்கமாக எந்தக் கணக்கிலிருந்தும் வாசிக்கலாம், மாற்றவும் செய்யலாம். ஹிடன் என்று மறைத்து வைப்பதும் காவல் ஆகாது. மறைந்ததைக் காட்டும் வசதி எல்லாருக்கும் உண்டு. அந்தத் தாயாருக்கு நாங்கள் முதலில் செய்தது, கோப்புறையை டி-யிலிருந்து அவருடைய புதிய கணக்கின் டாக்குமெண்ட்ஸுக்குள் மாற்றியதே.

ஒரு சிறு நினைவு. யூனிகோடு பரவாத நாட்களில் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்ததை, அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் அதையே பாதுகாப்பு என்று எண்ணி நிம்மதியாக இருந்தார்!

விண்டோஸை மாத்திரம் குறைசொல்ல வேண்டாம். உபுண்டு லினக்ஸிலும் 2021 ஏப்ரலில் 21.04 பதிப்பு வரும் வரைக்கும், ஒரு பயனரின் இல்லக் கோப்புறையை அதே கணினியின் மற்றப் பயனர்கள் வாசிக்கலாம் என்பதே வழக்கமான அமைப்பாக இருந்தது.

வந்தவர்களுக்கென்று ‘விருந்தினர்’ என்ற பெயரில் ஒரு ஸ்டாண்டர்ட் கணக்கும் இருக்கட்டும். எழுந்து போகும்போது விண்டோஸ் குறியுள்ள விசையோடு எல் விசையைச் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். திறந்த வேலை அப்படியே இருக்கும். அந்த மகன் தேநீர் வாங்கப் போன ஐந்து நிமிஷத்துக்கு இது போதுமானதாக இருந்திருக்கும். கணக்கு வேறானால் பிரவுசரும் வேறாகிறது; ஒருவருடைய மின்னஞ்சலும் வாட்ஸ்அப் வெப்பும் மற்றவர் முன்னே திறந்து நிற்காது.

இவ்வளவும் கணினி நம் வீட்டில் இருக்கும் வரைக்கும்தான். பழுதுபார்க்கும் கடைக்குப் போனால், வட்டைக் கழற்றி வேறொரு இயந்திரத்தில் மாட்டுகிறவருக்கு நம்முடைய கணக்கும் கடவுச்சொல்லும் தடையல்ல. அங்கே காப்பது குறியாக்கம் ஒன்றே. சில கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது முழு வட்டுக்கும் உண்டு. அதற்கான 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைக்கத் தவற வேண்டாம். ஆனால் இதிலே அநேகர் மயங்குகிறார்கள்: கணினி இயங்கத் தொடங்கியதும் அந்தப் பூட்டு திறந்துவிடும், வீட்டிலுள்ள ஒருவரிடமிருந்து மற்றவர் கோப்பை அது காப்பதில்லை. அதற்குக் கணக்குகளே வேண்டும்.

இரண்டு இடத்திலும் காக்கும் எளிய வழி, கோப்புக்கே கடவுச்சொல் இடுவது. வேர்டில் ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் டாக்குமெண்ட் என்று போனால் என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு என்பது இருக்கும். லிப்ரே ஆஃபிஸில் சேமிக்கும்போதே அதற்கான கட்டம் உண்டு. பழைய டாக் வடிவத்தில் இட்ட கடவுச்சொல் பலவீனமானது; ஆபிஸ் 2007-ஓடு வந்த டாக்எக்ஸ் வடிவத்தில் சேமியுங்கள். மறந்துவிட்டால் திறந்து தருகிறவர் ஒருவரும் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தகப்பனார் திடீரென்று படுக்கையில் விழுந்தால் காப்பீட்டுத் தாளைத் திறக்க முடியாமல் குடும்பம் தவிக்கக் கூடாது. ஆகையால் குடும்பத்துக்குரிய கோப்புகளின் கடவுச்சொல் கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். நம்பிச் சொன்ன அடுத்தவருடைய துக்கமோ கணவருக்கும் உரியதல்ல என்பது என் எண்ணம். இதில் சிலர் என்னோடு ஒத்துப்போகமாட்டார்கள்.

சிறு பிள்ளைகளின் காரியம் வேறு. அவர்கள் பார்ப்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். வளர்ந்த மகனின் கணக்குக்குள் புகுவதற்குமுன் அவனிடத்தில் கேளுங்கள். 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வீட்டுக்குள் அதை வழக்கமாக்குவது நம் கையில் இருக்கிறது.

அந்தச் சகோதரி இதை எழுதும் நாள் வரைக்கும் ஆராதனைக்குத் திரும்பவில்லை. தாயார் வாரந்தோறும் அவர் வீட்டுக்குப் போய்வருகிறார்; சில வாரம் கதவு திறக்கிறது, சில வாரம் இல்லை. கணினியிலுள்ள குறிப்புகளில் இப்போது பெயர்கள் கிடையாது. ஒன்று, இரண்டு என்று எண்கள் மட்டுமே. எந்த எண் யாருடையது என்பது ஒரு சிறிய நோட்டில் இருக்கிறது. நோட்டு பீரோவில், சாவி அவர் முந்தானை முடிச்சில்.