பிள்ளையை எழுதிக் கொடுக்க முடியுமா?

"இன்று முதல் என் பிள்ளைமீது எனக்கு எவ்வித உரிமையும் இல்லை" எனச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, பிள்ளையுடன் இலண்டனுக்கு அனுப்பிவைத்த பெற்றோரை எம்மவர் பலர் அறிவர். வறுமையாலும் போராலும் விளைந்த செயல் அது; நாம் அவர்களைக் குறை கூற வரவில்லை. ஆயினும் அக்கடதாசி இங்கு செல்லாது. 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டப்படி, பெற்றோர் தம் பொறுப்பை இன்னொருவர் நிறைவேற்ற ஒழுங்கு செய்யலாம். அதனைத் துறக்கவோ கைமாற்றவோ முடியாது. மனமுவந்து தத்துக் கொடுப்பதாயினும், குழந்தைக்கு 6 வாரங்கள் நிரம்புமுன் தாய் அளிக்கும் சம்மதம் செல்லாது. பின்னரும் நீதிமன்றக் கட்டளையே உறவை மாற்றும். உறவினர் சம்மதத்துடன் மஞ்சள் நீர் பருகிச் சுவீகாரம் செய்யும் முறை, 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் உண்டு. அந்நினைவு எம்மைவிட்டு இன்னும் அகலவில்லைப் போலும்!

வெஸ்ட் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் ஆலயத்தைச் சூழ வாழும் எம் குடும்பங்கள் அறியவேண்டியது வேறொன்றும் உண்டு. 16 வயதுக்குட்பட்ட பிள்ளை, நெருங்கிய உறவினரல்லாதவரிடம் 28 நாட்களோ அதற்கு மேலோ தங்குவதாயின் கவுன்சிலுக்கு அறிவித்தல் கட்டாயம். தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரரும் எமக்குச் சித்தப்பாவே. சட்டமோ அவரை நெருங்கிய உறவினராக ஏற்பதில்லை. பாட்டன் பாட்டி, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோரும் அவர்தம் துணைவரும், மாற்றாந்தாய் தந்தையர் ஆகியோரையே அது ஏற்கிறது.

ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த விக்டோரியா கிளிம்பியேயை, நல்ல கல்வி கிடைக்குமென நம்பியே பெற்றோர் பாட்டி முறையான பெண்ணொருத்தியிடம் ஒப்படைத்தனர். 1999 ஏப்ரலில் இலண்டன் வந்த அப்பெண், தானே தாய் எனக் கூறி முதலில் உதவி நாடியது இதே ஈலிங் கவுன்சிலிடம். 2000 பெப்ரவரி 25ஆம் திகதி, உடலில் 128 காயங்களுடன் அக்குழந்தை மாண்டது. அதற்கு வயது 8. கவுன்சில்களும் பொலிசாரும் வைத்தியசாலைகளும் தவறிழைத்தமையை லோட் லாமிங்கின் அறிக்கை 2003இல் வெளிப்படுத்தியது. எனவே, அறிவித்துவிட்டால் எல்லாம் நலமாகும் என நாம் கூறமாட்டோம். ஆனால் பிள்ளை இன்ன வீட்டில் இருக்கிறது, அதைப் பெற்றவர் வேறொருவர் என்பதையேனும் அறிந்த ஒருவர் வெளியே இருத்தல் வேண்டும்.

அறிவித்தால் பிள்ளையைப் பறித்துவிடுவர் என்பதே எம்மவரின் அச்சம். சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார், பிள்ளையுடன் பேசுவார். அறிவித்த காரணத்தால் பெற்றோரின் உரிமை குன்றுவதில்லை. நீண்டகாலம் வளர்க்கும் உறவினர், 2005 முதல் நடைமுறையிலுள்ள விசேட பாதுகாவலர் கட்டளையை நீதிமன்றில் கோரலாம். அப்போதும் பெற்றோர் சட்டப்படி பெற்றோரே.

ஊரிலுள்ள பெற்றோர் எழுதவேண்டியது துறவுக் கடதாசியன்று. பாடசாலையிலும் வைத்தியரிடமும் யார் கையொப்பமிடலாம், தம்மை எந்தத் தொலைபேசியில் அழைக்கலாம் என்பவற்றைக் குறித்து, பிறப்புச் சான்றிதழின் பிரதியுடன் அனுப்புவார்களாக.