திண்ணையும் சட்டமும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஒடிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வரும் தொழிலாளிகள் தங்க இடம் வேண்டும். சுற்றுப்புறக் கிராமங்களில் எளிய குடித்தனக்காரர்கள் தங்கள் வீட்டுச் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை இறக்கி வாடகைக்கு விடுகிறார்கள். திருவள்ளூரில் வெயிலுக்கு அஞ்சித் திண்ணைக்கு முன்னால் தளம் போடுகிறார்கள். இவர்களில் முறைப்படி அனுமதி பெற்றவர்கள் சிலரே என்பது ஊரறிந்த விஷயம்.

இதற்கு ஜனங்களை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. 1971-ம் வருஷத்திய நகர் ஊரமைப்புச் சட்டத்தையும் 2019-ம் வருஷத்துக் கட்டிட விதிகளையும் படித்து, தம் வீட்டைச் சுற்றி எத்தனை அடி வெளி விடவேண்டுமென்று கண்டுகொள்ளக் கூடிய கிராமவாசி எங்கே இருக்கிறார்? தெரியாத விதியை மீறியவன் பயந்து வாழ்கிறான். பயந்தவனிடம் கைநீட்டுவோர் கொழுக்கின்றனர்.

பெரிய மனிதர்களின் நிலைமையோ வேறு. 1998-ல் அந்தச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விதி மீறிய கட்டிடங்களைப் பணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்துவதே அதன் நோக்கம். ஒரு தடவைக்கென்று தொடங்கிய சலுகை மறுபடியும் மறுபடியும் நீட்டப்பட்டது. 2006-ல் சென்னை ஹைக்கோர்ட் அந்த நீட்டிப்புகள் செல்லாவெனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் வேறொரு மன்னிப்புப் பிரிவு பிறந்தது. மீறியவனுக்கு மன்னிப்பும் பணிந்தவனுக்கு அலைச்சலும் கிடைக்குமானால், சட்டத்தை யார் மதிப்பார்?

கட்டுப்பாடே வேண்டாமென்று நாம் வாதிக்கவில்லை. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஓடும் ஜில்லா இது. வாய்க்காலின்மேல் ஒருவன் எழுப்பும் தாழ்வாரம் அடுத்த வீட்டுக்குள் வெள்ளத்தை அனுப்புகிறது. 2015 டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க முடியாது. நீர்வழியையும் பொதுப் பாதையையும் அண்டைவீட்டான் காற்றையும் அடைக்கும் கட்டிடத்துக்கு, அது குடிசையாயினும் மாளிகையாயினும், தயை காட்டலாகாது.

2024 ஜூலையில் சர்க்கார் சுய சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தனர். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவோர் அலைச்சலின்றி அனுமதி பெற அது வழி செய்கிறது. இது நல்ல ஆரம்பம். பழைய வீட்டில் ஓர் அறையோ தாழ்வாரமோ கூட்டுகிறவனுக்கும் அதே எளிமை வேண்டும். எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் பதில் வரும் என்பவற்றைத் தெளிந்த தமிழில், படத்துடன், ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸிலும் ஒட்டவேண்டும். குறித்த நாளுக்குள் பதில் வராவிடில் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளவேண்டும்.

ஜனங்களுக்குப் புரியாத சட்டத்தைக் காட்டி ஜனங்களை மிரட்டுவது அந்நிய ஆட்சியின் வழக்கம். சுயராஜ்யத்துக்கு அது அழகல்ல. ஊர்த் தொண்டர்கள் அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.