அளவை மாற்றமும் ஒரு மொழிபெயர்ப்பே

தமிழ் பயிலும் மாணவனுக்கு வாட்டும் கலோரியும் எற்றுக்கு என வினவுவார் உளர். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறை வரை யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கோத்தகிரியிலிருந்து உதகைக்குச் செல்லும் சாலையிலுள்ள கட்டபெட்டில், எம் இல்லத்து அடுப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, பள்ளியிற் பயிலும் என் தம்பி ஒரு கணக்கைக் கொணர்ந்தான். ஐந்து மைக்ரோவாட் திறனை வெப்ப அளவையில் மாற்றுக என்பது வினா. யான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து வாய்பாட்டைப் பார்த்துப் பெருக்கி, புள்ளிக்குப் பின் ஏழு இலக்கங்களை அடுக்கி, "இத்தனை மைக்ரோகலோரி" என்று எழுதிக் கொடுத்தேன். "அண்ணா, அப்படியென்றால் எவ்வளவு சூடு?" என்றான் அவன். விடை கையில் இருந்தது. பொருள் என்னிடம் இல்லை. நாணினேன்.

பின்னர் ஆராய்ந்தபோது, அவ்விடையே பிழையெனக் கண்டேன். 1840-களில் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர், உழைப்பும் வெப்பமும் ஒரே ஆற்றலின் இரு வடிவங்கள் எனச் சோதனைகளால் நிறுவினார். ஒரு கலோரி 4.184 ஜூல், ஒரு வாட் என்பதோ நொடிக்கு ஒரு ஜூல். கலோரி குளத்து நீரை ஒக்கும். வாட் மதகின் ஓட்டத்தை ஒக்கும். ஓட்டத்தைக் குளமாக எழுதுதல் தகாது. ஆதலின் ஐந்து மைக்ரோவாட் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.2 மைக்ரோகலோரி ஆகும். 'நொடிக்கு' என்னும் ஒரு சொல்லை யான் விட்டுவிட்டேன். அவ்வெப்பம் சிறிதும் சிதறாமல் ஒரு கிராம் நீரிற் சேர்ந்தாலும், அந்நீர் ஒரு செல்சியஸ் பாகை சூடேற 9.7 நாள் செல்லும். தம்பியின் வினாவுக்கு உரிய விடை இதுவே.

மூல நூலில் உள்ளதை விடாமலும் இல்லாததைக் கூட்டாமலும் பிறமொழியில் உரைப்பதே நல்ல மொழிபெயர்ப்பு என்று எம் ஆசிரியர் கற்பிப்பர். அளவை மாற்றத்துக்கும் விதி இதுவே அன்றோ? காலத்தை விடுதல் உள்ளதை விடுதலாம். ஐந்து என ஓரிலக்கத்தில் அளந்ததனை 1.1950287 என எழுதுதல் இல்லாததைக் கூட்டுதலாம். மைக்ரோவை மில்லி என வாசித்தலோ பொருளை ஆயிரம் மடங்கு திரித்தலாம்.

"இத்துணைச் சிறியதிற் பிழைத்தால் கேடு என்ன?" என்பார்க்கு யான் கூறுவது ஒன்றுண்டு. எம் மலைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் விறகின் வெப்பமும் மின்சாரமும் பயன்படுகின்றன. மின்கட்டணத்தில் ஒரு யூனிட் என்பது ஏறத்தாழ 860 கிலோகலோரி. அங்கே கணக்குப் பிழைத்தால் இலை கருகியோ ஈரமாக நின்றோ நம்மைத் திருத்தும். நுண்ணளவிற் பிழைத்தால் கண்ணும் கையும் அறியா, திருத்துவார் இல்லை. எனவே, அளவு சிறுகச் சிறுக நேர்மை பெருகவேண்டும் என்பது எம் கொள்கை.

இதற்குச் சான்று எம் மாவட்டத்திலேயே உள்ளது. உதகைக்கு அண்மையில் முத்தோரை மலைச்சரிவில், கோவிந்த் ஸ்வரூப் அவர்கள் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த ரேடியோ தொலைநோக்கி 1970-இல் இயங்கத் தொடங்கியது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். விண்ணிலிருந்து வரும் அலைகளின் மின்திறனை வானியலார் பெரும்பாலும் வாட்டிற் கூறாது, கெல்வின் என்னும் வெப்பநிலை அளவையிற் கூறுவர். 10 லட்சம் ஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் ஒரு கெல்வின் குறிப்பது, ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பகுத்து, அப்பங்கினை மீண்டும் ஆயிரமாகப் பகுத்ததில் ஏறத்தாழ 1.4 பங்கே. ஈண்டும் அலைவரிசை அகலத்தைக் கூறாது விட்டால், 'நொடிக்கு' என்பதை விட்ட என் விடை போலவே பொருள் கெடும். அத்துணைப் பெரிய கருவி எய்தும் பயன் அனைத்தும் இத்தகைய கவனத்திலேயே நிற்கிறது.

நுண்ணளவு தமிழர்க்குப் புதிதன்று. ஒன்றை 320 ஆகப் பகுத்து முந்திரி என்றும், அம்முந்திரியை மீண்டும் 320 ஆகப் பகுத்துக் கீழ்முந்திரி என்றும் பெயரிட்டு, நம் முன்னோர் கணக்கெழுதினர். 1,02,400-இல் ஒரு பங்கிற்குப் பெயர் கண்ட மொழியில் மைக்ரோவாட்டைத் தெளிவுற உரைத்தல் இயலாததன்று. ஆதலின் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விஞ்ஞானம் பயில்வோர் தம் விடையைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்க. தமிழ் பயில்வோர் கணக்கினின்று ஒதுங்காதிருக்க. விடை எழுதியபின் இருசாராரும், "எவ்வளவு சூடு?" எனக் கேட்கும் ஒரு தம்பி எதிரில் இருப்பதாக எண்ணிக்கொள்க.