இழுப்பறையில் கிடப்பவை

பலித்த ஜாதகத்தை மட்டும் எடுத்துக்காட்டும் ஜோசியரைக் கண்டு சிரிக்கிற நாம், மனோதத்துவப் பண்டிதர்களிடம் மட்டும் ஏன் கைகட்டி நிற்கிறோம்?

மன உறுதி செலவழியச் செலவழியத் தீர்ந்துபோகும் சரக்கு என்றார்கள். அச்சேறிய 83 ஆராய்ச்சிகளைக் கூட்டிப் பார்த்து, 2010-ல், 'வாஸ்தவந்தான்' என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. பலிக்காத சோதனைகள் எங்கே போயின? பத்திரிகைகள் அவற்றைச் சீந்துவதில்லை. மேஜை இழுப்பறையில் தூங்கும். ராபர்ட் ரோஸந்தால் 1979-லேயே எச்சரித்த சங்கதி இது. எடைபோட உட்கார்ந்தவர்கள் அச்சுக்கு வராதவற்றையும் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டாமா? கடைக்காரன் தராசில் ஒரு தட்டை மறைத்தால் சும்மா விடுவோமா?

முடிவு எதுவானாலும் அச்சிடுவதென்று முன்கூட்டியே பேசிக்கொண்டு, 23 ஆய்வுக்கூடங்கள் ஒரே சோதனையைச் செய்து பார்த்தன. 2016-ல் கணக்கு வெளியாயிற்று: ஏறக்குறையப் பூஜ்யம்.