பாளையில் மழை பெய்யலையா, இல்ல யாரும் எழுதலையா?

இந்த வருஷம் நம்ம ஆளுங்க ப்ராஜெக்ட் தலைப்புகளைப் பார்த்தீங்களா? எங்க திரும்பினாலும் தாமிரபரணி வெள்ளத்தை முன்கூட்டியே சொல்ற மாடல். மெஷின் லேர்னிங், நியூரல் நெட்வொர்க், எல்லாம் இருக்கு. நல்லதுதான். 2023 டிசம்பரைப் பார்த்த ஊர்க்காரங்க வேற எதைப் பத்தி யோசிப்போம்? ஆனா பைத்தானைத் தொடுறதுக்கு முன்னாடி, எக்செல்ல 'ஆவரேஜ்' ஃபார்முலாவோட ஒரு மணி நேரம் உட்காருங்கன்னுதான் நான் சொல்லுவேன். "அதெல்லாம் கிளார்க் வேலை மச்சான்"னு சிரிக்கிறவங்களுக்காகவே இதை எழுதுறேன்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ஊர்கள் நிஜம், எண்கள் நான் சும்மா போட்டது. ஒரு நாள் மழை, மில்லிமீட்டரில்: ஊத்து 200, நாலுமுக்கு 180, அம்பை 40, சேரன்மகாதேவி 20. பாளையங்கோட்டை செல் காலியா இருக்கு. ஆவரேஜ் போட்டா 110 வரும். காலி செல்லை அது கணக்கிலேயே எடுக்காது, 440-ஐ நாலால்தான் வகுக்கும். அதே செல்லில் 0 போடுங்க, அஞ்சால் வகுத்து 88 தரும். இப்போ சொல்லுங்க, பாளையில் அன்னைக்கு மழை பெய்யலையா, இல்ல அளவு வந்து சேரலையா? அதை எக்செல் சொல்லாது. போன் போட்டுக் கேட்டாதான் தெரியும்.

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. பாளை காலியாவே இருக்கட்டும். அம்பை செல்லில் யாரோ '40 மி.மீ.'னு அலகோட சேர்த்து டைப் பண்ணிட்டாங்கன்னு வைங்க. எக்செலுக்கு அது எண் இல்லை, எழுத்து. சத்தமே இல்லாம அதையும் விட்டுட்டு 133-னு காட்டும். 'சம்' ஃபார்முலாவும் இப்படித்தான் கமுக்கமா தாண்டிப் போகும். செல்களைக் கூட்டல் குறி போட்டுக் கூட்டிப் பாருங்க, உடனே எர்ரர் வரும். (பழைய கூட்டல் குறிக்கு இருக்கிற நேர்மை!) பொதுவா எண்கள் செல்லில் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம் நிற்கும். ஷீட்டைத் திறந்ததும் அதைக் கவனிங்க.

2010-ல் ரைன்ஹார்ட், ரோகாஃப்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் அரசுக் கடன் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. பல நாட்டு அரசியல்வாதிகள் செலவைக் குறைக்க அதை மேற்கோள் காட்டினாங்க. 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன்ங்கிற ஒரு மாணவர் அவங்க ஷீட்டை வாங்கிப் பார்த்தார். ஆவரேஜ் ஃபார்முலாவோட ரேஞ்சில் அஞ்சு நாடுகள் விட்டுப் போயிருந்தது. வேற குறைகளும் இருந்தது, ஆனா ஊர் உலகம் ஞாபகம் வெச்சிருக்கிறது இந்த அஞ்சு வரிசையைத்தான்.

ஃபார்முலா சரியா இருந்தாலும் சராசரி மறைக்கிற விஷயம் உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிஞ்ச 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. மழை. அதைப் பத்து ஊரோட சேர்த்து வகுத்தா, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஏன் நின்னுச்சுன்னு அந்த எண்ணுக்குள்ள தேடணும்.

அதனால ஆவரேஜ் எழுதுற ஒவ்வொரு இடத்திலும் பக்கத்து செல்லில் 'கவுண்ட்', அதுக்குப் பக்கத்தில் 'மேக்ஸ்' எழுதுங்க. அஞ்சு ஊர் இருக்கிற இடத்தில் கவுண்ட் 3-னு வந்தா அங்கேயே நிறுத்துங்க. ரிவ்யூல அக்யூரசி எத்தனை சதவீதம்னு கேட்பாங்க, காலி செல்லை என்ன செஞ்சீங்கன்னு கேட்க மாட்டாங்க. அந்தக் கேள்வியை உங்க டீம்ல நீங்களே கேளுங்க.